ஹைட்ராலிக் ஜாக்கி

ஹைட்ராலிக் ஜாக்கி என்பது, மூடிய கலத்தில் உள்ள எண்ணெயின் அழுத்தத்தைப் பயன்படுத்தி மிகுந்த எடையைச் சிறிய விசையால் உயர்த்த உதவும் கருவி ஆகும். தமிழில் இது நீரழுத்தப் பாரந்தூக்கி, நீரியல் உயர்த்தி எனவும் குறிக்கப்படுகிறது. பட்டறைகளிலும் வாகன ஓட்டுநர்களிடமும் ஜாக்கி என்னும் சொல்லே வழக்கில் உள்ளது. கார், லாரி, பேருந்து, உழவு இயந்திரம் ஆகியவற்றின் சக்கரங்களைக் கழற்றவும், ஆலைகளில் கனமான எந்திரங்களை நகர்த்தவும், பாலங்களின் தாங்கு அமைப்புகளை மாற்றவும், தடம் புரண்ட தொடர்வண்டிப் பெட்டிகளை மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றவும் இது பயன்படுகிறது.

ஜாக்கியின் பணி எடையை உயர்த்துவது மட்டுமே. உயர்த்திய எடையை நெடுநேரம் தாங்கி நிற்பது அதன் பணி அன்று. இந்த வேறுபாட்டை உணராமல், ஜாக்கி மட்டுமே தாங்கி நிற்கும் வண்டியின் அடியில் புகுந்து வேலை செய்வது உயிரிழப்புக்குக் காரணமாகிறது. ஆகவே ஜாக்கியின் இயக்கம், பராமரிப்பு, பழுது கண்டறிதல் ஆகிய மூன்றையும் பாதுகாப்பு விதிகளுடன் சேர்த்தே அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

இயங்கும் முறை

ஹைட்ராலிக் ஜாக்கி பாஸ்கல் விதியின் அடிப்படையில் இயங்குகிறது. மூடிய கலத்தில் உள்ள பாய்மத்தின் ஓரிடத்தில் செலுத்தப்படும் அழுத்தம், அப்பாய்மத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் குறைவின்றிப் பரவும் என்பது இவ்விதி. அழுத்தம் சமமாக இருப்பதால், பரப்பளவு மிகுந்த பிஸ்டனில் விசையும் அதே விகிதத்தில் மிகுதியாகக் கிடைக்கும்.

ஜாக்கியின் முதன்மைப் பகுதிகள் பின்வருமாறு:

- எண்ணெய்த் தொட்டி: பெரும்பாலான பாட்டில் ஜாக்கிகளில் இது முதன்மை உருளையைச் சுற்றி அமைந்திருக்கும்.
- பம்பு உலக்கை: கைப்பிடியால் மேலும் கீழும் இயக்கப்படும் சிறிய பிஸ்டன்.
- முதன்மைத் தண்டு: எடையை உயர்த்தும் பெரிய பிஸ்டன். இதன் தலைப்பகுதி எடையைத் தாங்கும் இருக்கை ஆகும்.
- உறிஞ்சு வால்வு: தொட்டியிலிருந்து பம்பு அறைக்கு எண்ணெயை விடும். திரும்பிச் செல்ல விடாது.
- செலுத்து வால்வு: பம்பு அறையிலிருந்து முதன்மை உருளைக்கு எண்ணெயை விடும். திரும்பிச் செல்ல விடாது.
- இறக்கு வால்வு: இதைத் திறந்தால் உருளையில் உள்ள எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும், எடை கீழிறங்கும்.
- மிகைச்சுமை வால்வு: குறிக்கப்பட்ட கொள்ளளவை மீறிய எடையில் அழுத்தம் ஏறாமல் தடுக்கும். இது எல்லா ஜாக்கிகளிலும் இருப்பதில்லை.
- சீல்களும் வாஷர்களும்: பிஸ்டனுக்கும் உருளைச் சுவருக்கும் இடையே எண்ணெய் கசியாமல் காப்பவை.

ஒருவழி வால்வுகள் பலவற்றில் சிறிய எஃகுக் குண்டு ஒன்று வட்ட விளிம்பில் அமர்ந்து வழியை அடைக்கிறது. இக்குண்டுக்கும் விளிம்புக்கும் இடையே மணலின் ஒரு துகள் சிக்கினாலும் ஜாக்கி செயலிழக்கும். ஜாக்கியின் பழுதுகளில் பல, எண்ணெயில் கலந்த அழுக்கினால் வருவதன் காரணம் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு ஜாக்கியின் பம்பு உலக்கை 1 செ.மீ. விட்டமும், முதன்மைத் தண்டின் பிஸ்டன் 4 செ.மீ. விட்டமும் உடையவை எனக் கொள்வோம். பரப்பளவு விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், பரப்பளவுகளின் விகிதம் 16 ஆகும். கைப்பிடி நெம்புகோலாகச் செயல்பட்டு விசையை 15 மடங்கு ஆக்கினால், மொத்தப் பெருக்கம் 240 மடங்கு. கையால் 25 கிலோ கிராம் விசை கொடுத்தால், உராய்வைக் கணக்கில் கொள்ளாத நிலையில், 6,000 கிலோ கிராம் எடையை உயர்த்தலாம். இதற்கு ஈடாக உயரும் தொலைவு குறைகிறது. உலக்கை 2.4 செ.மீ. இறங்கும் ஒவ்வொரு முறையும் எடை 1.5 மி.மீ. மட்டுமே உயரும். 15 செ.மீ. உயர்த்த 100 முறை அடிக்க வேண்டும்.

இந்நிலையில் உருளைக்குள் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 477 கிலோ கிராம் ஆகும். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல 450 மடங்குக்கும் மேற்பட்டது. 6 டன் எடையைத் தாங்கி நிற்பவை மெல்லிய சீல் ஒன்றும், விளிம்பில் அமர்ந்த எஃகுக் குண்டுகளும் மட்டுமே என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

வரலாறு

பிரான்சு நாட்டு அறிஞர் பிளேய்சு பாஸ்கல் 17 ஆம் நூற்றாண்டில் பாய்ம அழுத்தம் பற்றிய தம் ஆய்வுகளை எழுதினார். அந்நூல் அவர் மறைந்த பின்னர் 1663 இல் வெளிவந்தது. இக்கோட்பாட்டை எந்திரமாக ஆக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிராமா. இவர் 1795 இல் ஹைட்ராலிக் அழுத்தி எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

பிராமா பூட்டுத் தொழிலாலும் புகழ் பெற்றவர். 1784 இல் அவர் காப்புரிமை பெற்ற பூட்டு, பல பத்தாண்டுகள் எவராலும் திறக்கப்படாமல் இருந்து, 1851 இல் ஹாப்சு என்னும் அமெரிக்கரால் திறக்கப்பட்டது. அழுத்தி எந்திரத்தில் பிஸ்டனைச் சுற்றி நீர் கசிவதே பெரும் இடராக இருந்தது. அழுத்தம் கூடக் கூடத் தானே இறுகும் தோல் வளையத்தைப் பொருத்தியதால் அவ்விடர் நீங்கியது. இத்தீர்வு பிராமாவின் பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லியுடையது எனக் கூறப்படுகிறது. இன்று தோலின் இடத்தைச் செயற்கை ரப்பரும் பாலியூரித்தேனும் பிடித்துள்ளன, தத்துவம் மாறவில்லை. பூட்டுக்கும் தோல் பதனிடுதலுக்கும் பெயர் பெற்ற திண்டுக்கல்லில் பயிலும் மாணவர்களுக்கு, இவ்விரு தொழில்களும் இக்கருவியின் தோற்றத்தில் இணைந்திருப்பது கருதத்தக்கது.

கையால் எடுத்துச் செல்லக்கூடிய ஹைட்ராலிக் ஜாக்கிக்கு ரிச்சர்டு டட்ஜியன் நியூயார்க்கில் 1851 இல் காப்புரிமை பெற்றார். கிரேட் ஈஸ்டர்ன் என்னும் பெருங்கப்பலை நீரில் இறக்கும் முயற்சியில் ஹைட்ராலிக் உந்திகள் பயன்படுத்தப்பட்டு, 1858 சனவரியில் கப்பல் மிதந்தது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை 1849 இல் வேல்சு நாட்டின் பிரிட்டானியா பாலக் கட்டுமானத்தில் நிகழ்ந்தது இன்றளவும் பாடமாக உள்ளது. பெரிய இரும்புக் குழாய் வடிவப் பாலப் பகுதிகள் ஹைட்ராலிக் அழுத்திகளால் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டன. பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சன், பகுதி உயர உயர அதன் அடியில் தாங்கலும் உடனுக்குடன் எழுப்பப்பட வேண்டும் என வற்புறுத்தியிருந்தார். பணியின் நடுவே ஓர் அழுத்தியின் உருளை உடைந்தது. அடியில் தாங்கல் இருந்ததால் பாலப் பகுதி சில அங்குலங்களே விழுந்து நின்றது. தாங்கல் இல்லாதிருந்தால் பாலப் பகுதி முழுவதும் அழிந்திருக்கும்.

வகைகள்

- பாட்டில் ஜாக்கி: குப்பி வடிவில் நிமிர்ந்து நிற்பது. லாரிகளிலும் பேருந்துகளிலும் பெரும்பாலும் இதுவே இருக்கும். குறைந்த இடத்தில் மிகுந்த விசை தரும். அடிப்பரப்பு சிறியது ஆகையால் சாயும் இயல்புடையது.
- டிராலி ஜாக்கி: சக்கரங்கள் பொருத்தப்பட்டு, கிடைநிலை உருளையால் ஒரு கையை உயர்த்துவது. கார் பட்டறைகளுக்கு ஏற்றது. சிமெண்டுத் தளம் போன்ற உறுதியான சமதளத்தில் மட்டுமே பயன்படுத்தத் தக்கது.
- நக ஜாக்கி: தரையோடு ஒட்டிய தாழ்ந்த நகத்தால் எந்திரங்களை உயர்த்துவது. ஆலைகளில் எந்திரங்களை இடம் மாற்றப் பயன்படுகிறது.
- தனிப் பம்பு கொண்ட ஜாக்கி: பம்பும் உருளையும் குழாயால் இணைக்கப்பட்டவை. இயக்குபவர் எடைக்கு விலகி நின்று இயக்கலாம். பாலப் பணிகளிலும் தொடர்வண்டி மீட்புப் பணிகளிலும் இவ்வகை பயன்படுகிறது.

திருகு ஜாக்கி இவற்றிலிருந்து வேறானது. திருகுப் புரிகளின் உராய்வே எடையைத் தாங்குவதால், அது எண்ணெய்க் கசிவினால் இறங்குவதில்லை. சாலை மட்டம் உயர்ந்ததால் தாழ்ந்துபோன வீடுகளை உயர்த்தும் பணிகளில், தமிழ்நாட்டில் பெரும்பாலும் திருகு ஜாக்கிகளே நூற்றுக்கணக்கில் வரிசையாக வைக்கப்படுகின்றன. நாள் கணக்கில் தாங்கி நிற்க வேண்டிய இடத்தில் ஹைட்ராலிக் ஜாக்கியை மட்டும் நம்புவதில்லை.

திண்டுக்கல், சிறுமலைப் பகுதியில் பயன்பாடு

திண்டுக்கல் பல நெடுஞ்சாலைகள் கூடும் நகரம். கரூருக்கும் மதுரைக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44 இவ்வழியே செல்கிறது. கோயம்புத்தூரிலிருந்து பழனி வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலை 83, தேனி வழியாகக் கேரளம் செல்லும் நெடுஞ்சாலை 183 ஆகியனவும் இங்கு இணைகின்றன. இதனால் கனரக வாகனப் போக்குவரத்தும் அதைச் சார்ந்த பட்டறைகளும் மிகுதி. நூற்பாலைகளிலும் ஜாக்கியின் தேவை உண்டு.

நகருக்கு அருகில் உள்ள சிறுமலை, புவிசார் குறியீடு பெற்ற மலைவாழைக்கு அறியப்பட்டது. மலைத் தோட்டங்களில் சுமை கொண்டுவரக் குதிரைகள் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. ஊர்களிலிருந்து விளைபொருள்கள் சமவெளிக்கு வண்டிகளில் இறங்குகின்றன. திண்டுக்கல்லிலிருந்து மலையேறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய சாலையில் சக்கரம் பழுதானால், சமதளத்தில் எழாத மூன்று இடர்கள் எழுகின்றன.

முதலாவது, சரிவு. 10 டன் எடையுள்ள வண்டி 5 பாகைச் சரிவில் நிற்கும்போது, அதைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 870 கிலோ கிராம் ஆகும். வண்டி சிறிது நகர்ந்தாலும் செங்குத்தாக நிற்கும் பாட்டில் ஜாக்கி சாய்ந்துவிடும்.

இரண்டாவது, நிறுத்தத்தடை. கைப்பிரேக் பல வண்டிகளில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழுந்தால் பிடிப்பின் ஒரு பகுதி இழக்கப்படும். கியரில் நிறுத்துவதும் அந்நிலையில் பயன் தராது. டிஃபரன்ஷியல் என்னும் பல்லிணைத் தொகுதி, ஒரு சக்கரம் எழுந்து நிற்கையில் அதைச் சுழல விட்டு, மற்றச் சக்கரத்தையும் உருள அனுமதிக்கும். ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைப்பதே நம்பத்தக்க வழி.

மூன்றாவது, தரை. மழைக் காலத்தில் மலைச் சாலையின் ஓரமண் இளகியிருக்கும். சமவெளியில் கோடை வெயிலில் தார் இளகும். பாட்டில் ஜாக்கியின் அடி 12 செ.மீ. பக்கமுள்ள சதுரம் எனில், 5 டன் எடையில் தரைமீது ஒரு சதுர செ.மீ.க்கு 35 கிலோ கிராம் அழுத்தம் விழும். 40 செ.மீ. பக்கமுள்ள தடித்த மரப்பலகையை அடியில் வைத்தால், இது ஏறக்குறைய 3 கிலோ கிராமாகக் குறையும். நனைந்த மண் இதனையும் தாங்காமல் போகலாம். ஆகவே வளைவிலோ சரிவிலோ நிற்கும் வண்டியை, டயர் பாழானாலும், மெதுவாக நகர்த்திச் சமமான உறுதியான இடத்திற்குக் கொண்டுசென்ற பின்னரே உயர்த்துவது முறை.

பாதுகாப்பாக உயர்த்தும் முறை

1. ஜாக்கியில் பொறிக்கப்பட்ட கொள்ளளவைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் நான்கு டயர்கள் கொண்ட ஒற்றை அச்சின் உச்ச எடை வரம்பு 2018 இல் 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. இத்தகைய அச்சின் ஒரு பக்கத்தை உயர்த்தினால் அதில் ஏறத்தாழ பாதி எடை ஜாக்கி மீது விழும். சரக்கு ஒரு பக்கம் மிகுந்திருக்கவும் கூடும் என்பதால், 6 டன் ஜாக்கி இதற்குப் போதாது. 10 டன் அல்லது அதற்கு மேற்பட்டதே பொருந்தும்.
2. பயணிகள் அனைவரும் இறங்க வேண்டும். இயன்றால் சரக்கையும் இறக்க வேண்டும். எச்சரிக்கை முக்கோணத்தையும் விளக்குகளையும் பிற வண்டிகளுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும்.
3. கைப்பிரேக்கைப் போட்டு, உயர்த்தப்படாத சக்கரங்களுக்கு இருபுறமும் மர ஆப்பு வைக்க வேண்டும். உருண்டைக் கற்கள் நழுவும்.
4. சக்கர நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்த வேண்டும். உயர்த்திய பின் நெம்பினால் வண்டி அசைந்து ஜாக்கி சாயும்.
5. வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட இடத்திலேயே ஜாக்கியை வைக்க வேண்டும். எண்ணெய்த் தட்டு, மெல்லிய தகடு ஆகியவற்றின் கீழ் வைக்கலாகாது.
6. சக்கரம் தரையை விட்டு எழும் முன்பே ஒருமுறை நிறுத்தி, ஜாக்கி செங்குத்தாக உள்ளதா, அடிப்பலகை அழுந்துகிறதா எனப் பார்க்க வேண்டும்.
7. தேவையான உயரம் வந்தவுடன் உரிய இடத்தில் எஃகு ஸ்டாண்டுகளை வைத்து, இறக்கு வால்வை மெல்லத் திறந்து, எடையை ஸ்டாண்டுகள் மீது அமர்த்த வேண்டும். உடல் முழுவதும் வெளியே இருக்கும் நிலையில் வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்து, அது உறுதியாக நின்ற பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

செங்கல், சிமெண்டுக் கல், கருங்கல் ஆகியவற்றைத் தாங்கலாக அடுக்குவது பரவலாகக் காணப்படும் தவறு. செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் முன்னறிவிப்பின்றி நொறுங்குபவை. ஒழுங்கற்ற கருங்கல் நழுவும். ஸ்டாண்டு இல்லாத இடத்தில், ஒரே தடிப்புள்ள வைரம் பாய்ந்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அகலமாக அடுக்கலாம். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்க வைப்பது கூடுதல் காப்பு மட்டுமே. ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது.

பராமரிப்பு

பார்வைச் சோதனை

ஒவ்வொரு முறை பயன்படுத்தும் முன்பும் எண்ணெய்க் கசிவு, தண்டில் கீறல் அல்லது துரு, தண்டு வளைவு, இருக்கையின் தேய்மானம், அடித்தகட்டில் வெடிப்பு, பற்றவைப்புகளில் விரிசல், கைப்பிடி பொருந்தும் இடத்தின் தளர்ச்சி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஜாக்கியைத் தனியே வைத்து, பழுது என எழுதி ஒட்டுதல் வேண்டும். இல்லையெனில் அடுத்தவர் அறியாமல் எடுத்துப் பயன்படுத்துவார்.

எண்ணெய்

ஜாக்கிக்கு உரிய ஹைட்ராலிக் எண்ணெயையே ஊற்ற வேண்டும். எந்தப் பாகுநிலை எண் என்பதைக் கையேட்டின்படி தெரிவு செய்தல் நலம். பிரேக் ஆயில் ஒருபோதும் ஊற்றக்கூடாது. அது கிளைக்கால் வகையைச் சேர்ந்தது; கனிம எண்ணெய்க்காகச் செய்யப்பட்ட நைட்ரைல் ரப்பர் சீல்களை உப்பச் செய்து கெடுக்கும். நீர் துருவை உண்டாக்கும். பழைய எஞ்சின் எண்ணெயில் உள்ள கரியும் இரும்புத் துகளும் வால்வு விளிம்புகளைக் கெடுக்கும்.

அளவு பார்க்கும்போது ஜாக்கி சமதளத்தில் நிமிர்ந்தும், தண்டு முழுவதும் கீழிறங்கியும் இருக்க வேண்டும். பாட்டில் ஜாக்கிகளில் பொதுவாக நிரப்புத் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் இருந்தால் போதும். தண்டு உயர்ந்த நிலையில் நிரப்பினால், தண்டு இறங்கும்போது திரும்பும் எண்ணெய்க்குத் தொட்டியில் இடம் இராது. அடைப்பான் வழியே எண்ணெய் பீறிடும். நிரப்புத் துளையைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைப்பது மிகவும் இன்றியமையாதது.

எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது எனலாம். கருத்தோ துகள்களுடனோ இருந்தால் முழுவதும் வடித்து, புதிய எண்ணெயால் அலசி, மீண்டும் நிரப்ப வேண்டும். அடிக்கடி பயன்படும் ஜாக்கியில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். வடித்த எண்ணெயை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டலாகாது. 2016 ஆம் ஆண்டின் தீங்கு விளைக்கும் கழிவுகள் விதிகளின்படி, பயன்படுத்திய எண்ணெய் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கப்பட வேண்டியது.

காற்றை நீக்குதல்

எண்ணெய் எளிதில் அமுங்காது, காற்று அமுங்கும். உருளைக்குள் காற்று புகுந்தால் கைப்பிடி மெத்தென இருக்கும். தண்டு விட்டுவிட்டு உயரும். இதை நீக்க, எடை இல்லாத நிலையில் இறக்கு வால்வைத் திறந்து, கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை முழு வீச்சில் அடிக்க வேண்டும். பின்னர் வால்வை மூடித் தண்டை முழுவதும் உயர்த்தி, மீண்டும் இறக்க வேண்டும். இறுதியில் நிரப்பு அடைப்பானைச் சற்றே தளர்த்தினால் சேர்ந்த காற்று வெளியேறும். தேவைப்பட்டால் இதனை இரண்டு மூன்று முறை செய்து, எண்ணெய் அளவைச் சரிபார்க்கலாம்.

வைப்பு முறை

தண்டை முழுவதும் இறக்கி, ஜாக்கியை நிமிர்த்தி வைக்க வேண்டும். உயர்ந்த நிலையில் விட்டால் தண்டு தூசிக்கும் ஈரத்துக்கும் உட்பட்டுத் துருப்பிடிக்கும். துருப்பிடித்த தண்டு உள்ளே செல்லும்போது சீலை அறுக்கும். வண்டிக்குள் உருளாதபடி கட்டி வைத்தல் வேண்டும்.

பழுதுகளைக் கண்டறிதல்

எந்தப் பழுதையும் ஆராயும் முன் எடையை ஜாக்கியிலிருந்து முழுவதும் நீக்க வேண்டும். பின்வரும் அறிகுறிகள் காரணத்தைக் காட்டும்.

- தண்டு சிறிதும் உயரவில்லை: இறக்கு வால்வு மூடப்படாதிருத்தல், எண்ணெய் மிகக் குறைதல், காற்று புகுதல், உறிஞ்சு வால்வில் அழுக்கு சிக்குதல் ஆகியவை காரணங்கள். இவ்வரிசையிலேயே சோதிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.
- எடையின்றி உயர்கிறது, எடையுடன் உயரவில்லை: முதலில் எடை கொள்ளளவை மீறுகிறதா எனப் பார்க்க வேண்டும். மீறினால் மிகைச்சுமை வால்வு தன் பணியைச் செய்கிறது. அது பழுது அன்று. மீறவில்லை எனில் பம்பு சீல் தேய்ந்திருக்கலாம், அல்லது வால்வு ஒன்று கசியலாம்.
- எடையுடன் தானே இறங்குகிறது, கைப்பிடியும் தானே மேலெழுகிறது: செலுத்து வால்வு கசிகிறது. உருளையின் அழுத்தம் பம்பு அறைக்குத் திரும்பி உலக்கையைத் தள்ளுவதே கைப்பிடி எழக் காரணம்.
- எடையுடன் தானே இறங்குகிறது, கைப்பிடி அசையவில்லை, வெளியே கசிவும் இல்லை: இறக்கு வால்வின் விளிம்பில் அழுக்கோ தேய்மானமோ இருக்கலாம், அல்லது முதன்மைப் பிஸ்டனின் சீல் உள்ளுக்குள் கசியலாம்.
- தண்டைச் சுற்றி எண்ணெய் ஊறுகிறது: தண்டின் சீல் தேய்ந்துள்ளது, அல்லது தண்டில் கீறல் உள்ளது. கீறலைச் சரிசெய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் புதிய சீலும் விரைவில் கெடும்.
- முழு உயரம் வரவில்லை: எண்ணெய் குறைவு.
- நிரப்பு அடைப்பான் வழியே எண்ணெய் வழிகிறது: எண்ணெய் மிகுதி.
- தண்டு இறங்கவில்லை: எடையில்லாத நிலையில் பாட்டில் ஜாக்கியின் தண்டைக் கையால் அழுத்தி இறக்க வேண்டியிருப்பது இயல்பே. டிராலி ஜாக்கியில் இழுவிசைச் சுருள் அறுந்திருக்கலாம். அழுத்தியும் இறங்காவிடில் தண்டு வளைந்துள்ளது எனலாம்.

எடையுடன் உயர்ந்த நிலையில் ஜாக்கி சிக்கிக்கொண்டால், அதைச் சுத்தியலால் தட்டுவதோ இறக்கு வால்வை முழுவதும் கழற்றுவதோ பேரிடர் தரும். இரண்டாவது ஜாக்கி ஒன்றை அருகில் வைத்து எடையை அதற்கு மாற்றிய பின்னரே முதலாவதை எடுக்க வேண்டும்.

பழுது நீக்கிய ஜாக்கியைச் சோதிக்க, எடையைச் சிறிது உயர்த்தி, அதற்கு 1 செ.மீ. கீழே ஸ்டாண்டுகளை நிறுத்தி, தண்டின் உயரத்தை அளந்து குறித்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்கலாம். அளவு குறைந்திருந்தால் ஜாக்கி இன்னும் பயன்பாட்டுக்கு ஏற்றதன்று. இச்சோதனையின்போது எவரும் வண்டியின் அடியில் இருத்தல் கூடாது.

தவிர்க்க வேண்டியவை

- ஜாக்கி மட்டும் தாங்கும் எடையின் அடியில் கை, கால், தலை எதையும் நுழைத்தல்.
- மிகைச்சுமை வால்வை இறுக்கிக் கொள்ளளவைக் கூட்ட முயலுதல்.
- கைப்பிடியில் நீண்ட குழாயைச் செருகி அடித்தல். அடிக்கக் கடினமாக இருப்பது மிகைச்சுமையின் அறிகுறி.
- இருக்கைக்கும் வண்டிக்கும் இடையே வழுவழுப்பான இரும்புத் துண்டுகளை அடுக்குதல்.
- தண்டையோ உருளையையோ பற்றவைத்தல், சூடேற்றுதல்.
- இறக்கு வால்வைச் சட்டெனத் திறத்தல். கால் சுற்றுக்குள் மெல்லத் திறந்தாலே எடை இறங்கத் தொடங்கும்.

விபத்தும் முதலுதவியும்

அழுத்தத்தில் உள்ள குழாயின் கசிவை விரலால் தடவித் தேடுதல் கூடாது. அட்டைத் துண்டைக் கொண்டே தேட வேண்டும். ஊசித்துளை வழியே பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். தொடக்கத்தில் சிறு புள்ளியும் சற்று வலியும் மட்டுமே தெரியும். சில மணி நேரத்தில் திசுக்கள் அழியத் தொடங்கி, விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். இது உடனடி அறுவை மருத்துவம் தேவைப்படும் காயம். எண்ணெய் அழுத்தத்தால் ஏறியது என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

ஒருவர் வண்டியின் அடியில் சிக்கினால் 108 அவசர ஊர்திக்கு உடனே அழைக்க வேண்டும். அவரை இழுக்க முயலாமல், சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, வேறொரு ஜாக்கியால் வண்டியை உயர்த்த வேண்டும். உயர உயர அடியில் கட்டைகளைச் செருகிவர வேண்டும். எவ்வளவு நேரம் நசுங்கியிருந்தார் என்பது மருத்துவத்துக்கு மிகத் தேவையான செய்தி.

சோதனைக் கால அளவு

அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் ஜாக்கிச் சோதனைக்குத் தெளிவான கால அளவைத் தருகின்றன. ஓரிடத்திலேயே பயன்படும் ஜாக்கியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும். வெளிப்பணிக்கு அனுப்பப்படும் ஜாக்கியை அனுப்பும்போதும் திரும்பும்போதும் சோதிக்க வேண்டும். இயல்புக்கு மீறிய எடையோ அதிர்ச்சியோ நேரும் எனில், அதற்கு உடனடி முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும். கொள்ளளவு ஜாக்கியில் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும், உயர்த்திய எடை உடனே தாங்கல் கொடுத்து நிலைப்படுத்தப்படல் வேண்டும் என்பனவும் அவ்விதிகளில் உள்ளன. சிறிய பட்டறைகளும் இவற்றை எளிதில் பின்பற்றலாம். இதற்கு ஒரு குறிப்பேடும், ஒவ்வொரு ஜாக்கிக்கும் ஓர் எண்ணும் போதும்.

இவற்றையும் பார்க்கவும்

- பாஸ்கல் விதி
- நெம்புகோல்
- திருகு ஜாக்கி
- ஹைட்ராலிக் அழுத்தி
- சிறுமலை
- திண்டுக்கல்